முகாமுக்குள் பங்கிட்ட நார்சா

பளீலா தேங்காய்ப்பாலும் சர்க்கரையும் சேர்த்துக் கிண்டுகிற தொதலுக்குச் சவளத்துறையில் தனி மரியாதை இருந்தது. கல்முனைக்குத் தெற்கே கடலை ஒட்டிக் கிடக்கிற ஊர் அது. அங்கே கலியாணமோ சுன்னத்துக் கலியாணமோ எதுவானாலும், பளீலாவின் தாச்சி அடுப்பில் ஏறாமல் விருந்து நிறையாது. ஆகவே சப்ரி ஹாஜியார் ஒருநாள் பின்னேரம் அவள் வீட்டுப் படலையைத் திறந்துகொண்டு வந்தபோது, மகளின் கலியாணத்துக்குத் தொதல் சொல்ல வந்திருக்கிறார் என்றுதான் அவள் நினைத்தாள். ஹாஜியார் தொதலும் சொன்னார். போகிற போக்கில் பிரதேச சபைத் தேர்தலுக்கு அவளுடைய கையெழுத்தையும் வாங்கிக்கொண்டு போனார்.

"பேருக்குத்தான் ராத்தா," என்றார். "பொம்புளைகளும் பட்டியல்ல இரிக்க வேணுமெண்டு சட்டம் போட்டிரிக்கான். நீங்க ஒண்டும் செய்யத் தேவல்ல."

தன் மனைவியின் பெயரைப் போட்டிருக்கலாமே என்று யாரும் அவரைக் கேட்கவில்லை. ஹாஜியாரின் மனைவி வெளியே தலைகாட்டுவது ஹாஜியாருக்குப் பிடிக்காது. பளீலா தலைகாட்டினால் பரவாயில்லை. நம்முடைய ஆம்பிளைகளின் மார்க்கப் பற்று பெரும்பாலும் இந்த மாதிரிதான், தன் வீட்டு வாசலோடு நின்றுவிடும்.

பளீலாவுக்கு அரசியலில் ஆசை இருந்ததில்லை. ஐம்பதைத் தாண்டியவள். கணவன் இஹ்ஸான் மேசன் வேலைக்குப் போகிறவன். மூத்த மகள் கலியாணம் முடித்து, சீதனமாகக் கொடுத்த வீட்டில் பக்கத்து வளவிலேயே இருக்கிறாள். பளீலாவுக்கு இந்த உலகத்தில் நிறைவேறாமல் கிடந்த ஆசை ஒன்றே ஒன்று. இளைய மகள் ஸஹ்றாவின் கபுறடிக்குப் போய் உட்கார்ந்து யாசீன் ஓத வேண்டும்.

ஸஹ்றா சுனாமியில் போன பிள்ளை. நாலு வயது. அந்த ஞாயிற்றுக்கிழமை ஊரில் மையித்துகளை எண்ண ஆளில்லை, குளிப்பாட்ட ஆளில்லை. கடற்கரை மணலில் குழி வெட்டி, பெயர் தெரிந்தவர்களையும் தெரியாதவர்களையும் அடக்கினார்கள். ஸஹ்றாவை இஹ்ஸான் தன் கையாலேயே இறக்கினான். மீஸான் நடப் பலகை இல்லை. உடைந்து கிடந்த வேலியிலிருந்து ஒரு பூவரசங் கட்டையைப் பிடுங்கி மகளின் தலைமாட்டில் ஊன்றிவிட்டு வந்தான். இரண்டு மாதத்தில் அந்தக் கட்டை துளிர்விட்டது.

பளீலா வியாழக்கிழமை பின்னேரங்களில் அங்கே போவாள். பெண்கள் மையவாடிக்குள் போகலாமா என்று பள்ளிவாசலில் ஒரு பெரிய தர்க்கமே நடந்தது. அவள் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. மரத்துக்குத் தண்ணீர் ஊற்றுவாள், ஓதுவாள், வருவாள். பிறகு சண்டை மறுபடியும் மூண்டது. கொஞ்ச நாளைக்கு என்று சொல்லி ராணுவம் அந்தக் கடற்கரையில் வந்து இறங்கியது, மையவாடியைச் சுற்றி முள்ளுக்கம்பி அடித்தது. சண்டை முடிந்தது, அரசாங்கங்கள் மாறின, ஜனாதிபதிகள் மாறினார்கள். அந்தக் கொஞ்ச நாள் மட்டும் முடியவே இல்லை.

வெளி வீதியில் நின்று பார்த்தால் முகாம் மதிலுக்கு மேலே பூவரசின் தலை தெரியும். ஒவ்வொரு வருசமும் கொஞ்சம் கொஞ்சமாக உயர்ந்து வந்தது. சந்தைக்குப் போகும்போதும் வரும்போதும் பளீலா அதை ஒருதரம் நிமிர்ந்து பார்த்துக்கொள்வாள். இஹ்ஸான் பார்ப்பதே இல்லை. அந்த வீதியால் போவதையே விட்டுவிட்டு, வயல் பக்கமாகச் சுற்றி வேலைக்குப் போவான். அந்த மரம் என்ன மரம் என்று ஊரில் தெரிந்தவர்கள் அவர்கள் இருவர் மட்டும்தான்.

தேர்தல் முடிந்தது. யாருக்கும் பெரும்பான்மை வரவில்லை. ஒரு பக்கம் சப்ரி ஹாஜியாரின் கட்சி. இன்னொரு பக்கம் சீனிமுகம்மதின் அணி. சீனிமுகம்மது மண் ஒப்பந்தக்காரர், அவருடைய உழவு மெசின்கள் முகாமுக்குள் தடையில்லாமல் போய் வரும். நடுவில் வம்மிக்குடாத் தமிழர்களின் கட்சி. வம்மிக்குடா முகாமுக்கு அந்தப் பக்கம் உள்ள மீன்பிடிக் கிராமம். ஹாஜியாரும் வம்மிக்குடாவும் சேர்ந்தால் சபையில் ஒரே ஒரு கை கூடும். அந்த ஒரு கை, பேருக்குப் பட்டியலில் போட்ட பளீலாவின் கை. மேலதிகமாகக் கிடைத்த ஆசனத்துக்குச் சட்டப்படி ஒரு பெண்ணை அனுப்ப வேண்டி வந்ததில், ஹாஜியாருக்கு வேறு வழியில்லாமல் போயிற்று.

உடன்பாட்டுக் கூட்டம் ஹாஜியாரின் ஹாட்வெயார் கடை மாடியில் நடந்தது. ஆம்பிளைகள் யார் தவிசாளர், யார் உப தவிசாளர் என்று பேசிக்கொண்டிருந்தார்கள். பெண்கள் இரண்டே பேர். பளீலாவும் வம்மிக்குடாவிலிருந்து வந்த துஷாந்தினியும் பெயின்ற் வாளிகளுக்குப் பக்கத்தில் இரண்டு பிளாஸ்டிக் கதிரைகளில் உட்காரவைக்கப்பட்டிருந்தார்கள். துஷாந்தினி முப்பது வயதுக்காரி. கணவன் ரஜிதன் கடலுக்குப் போகிறவன். முகாம் வந்த நாளிலிருந்து வம்மிக்குடாக்காரர்கள் தங்கள் சொந்தத் துறையில் தோணி இழுக்க முடியாது. தூரத்தில் கல்லடுக்கிக் கிடக்கிற கரையில் இழுக்க வேண்டும்.

"ராத்தா, நீங்க ஏன் வந்தனீங்க?" என்று அவள்தான் முதலில் கேட்டாள்.

"என்ட புள்ள அதுக்குள்ள இரிக்கி," என்றாள் பளீலா.

துஷாந்தினி எழுந்து ஆம்பிளைகளின் மேசையடிக்குப் போனாள். "ஆர் கதிரையில இருக்கிறதெண்டு நீங்க முடிவெடுங்க. முதலாவது தீர்மானம் என்னெண்டு நாங்க சொல்றம். முகாம் கரைய விட வேணும். எங்களுக்குத் தோணித்துறை, இவங்களுக்கு மையவாடி. அது இல்லாட்டி எனக்கு இந்தக் கூட்டு வேணாம்."

ஆம்பிளைகள் ஆளையாள் பார்த்தார்கள். வேறு வழியில்லாமல் ஓம் என்றார்கள். கீழே இறங்கி வரும்போது பளீலா துஷாந்தினியின் கையைப் பிடித்துக்கொண்டாள். அந்த இரண்டு கிராமங்களுக்கும் இடையில் எத்தனையோ கலவரம், எத்தனையோ கடையடைப்பு, எத்தனையோ சாவு நடந்திருக்கிறது. அதையெல்லாம் தெரிந்துகொண்டேதான் இரண்டு பெண்களும் அந்தக் கையைப் பிடித்தார்கள். அன்றைக்கு பளீலாவுக்கு மனசு நிறைந்திருந்தது.

இந்தச் செய்தி முகாமுக்குப் போக எவ்வளவு நேரம் எடுத்தது என்று தெரியவில்லை. ஹாஜியாரின் கடை மாடியில் தேத்தண்ணிக் கோப்பை காய்வதற்குள் போயிருக்கும்.

முகாமில் இருந்த மேஜர் யாரையும் மிரட்டுகிற ஆள் இல்லை. மிரட்டலெல்லாம் பழைய காலத்து ஆட்களின் வேலை. இவர் பள்ளிக்கூடத்துக்குக் கதிரை கொடுப்பார், நோன்பு காலத்தில் பள்ளிவாசலுக்குப் பேரீச்சம்பழப் பெட்டி அனுப்புவார், கோயில் திருவிழாவுக்குத் தண்ணீர் பவுசர் அனுப்புவார். ஊர்ப் பெரியவர்களைத் தேத்தண்ணிக்குக் கூப்பிடுவார். அந்தத் தேத்தண்ணியைக் குடித்தவர்கள் வெளியே வந்து ஊருக்கு ஒன்றும் சொல்வதில்லை. ஆனால் அடுத்த வாரமே அவர்களுடைய பேச்சில் சுருதி மாறியிருக்கும்.

தவிசாளர் தெரிவுக்கு முந்தின வாரம், முகாமிலிருந்து ஒரு கோப்ரல் பளீலாவின் வீட்டுக்கு வந்தான். தமிழ் பேசத் தெரிந்தவன். சப்பாத்தைப் படலைக்கு வெளியிலேயே கழற்றி வைத்துவிட்டு உள்ளே வந்தான்.

"அம்மா, மேஜர் சேருக்கு உங்கட மகள் கதை தெரிய வந்தது. அவருக்குச் சரியான கவலை. வெள்ளிக்கிழமை வாங்க. உள்ள வந்து ஓதுங்க. யாரும் ஒண்டும் சொல்லமாட்டாங்க."

"மெய்தானா மகன்?" என்று மட்டும் பளீலா கேட்டாள்.

இஹ்ஸான் வேலை முடிந்து வந்ததும் விஷயத்தைச் சொன்னாள். அவன் சீமெந்து படிந்த கைகளைக் கழுவிக்கொண்டே கேட்டான்.

"இத்தின வருசமாத் தொறக்காத கேற்று, வோட்டுக்கு முந்தின வெள்ளிக்கிழம என்னத்துக்குத் தொறக்குது?"

"தொறந்திரிக்கக்குள்ள போகாம, பூட்டினாப் பொறகு போறதா?"

"கட்சிக்காரங்களோட ஒருக்கா கதைச்சிப் பாரு."

"அவங்களோட கதைச்சா அவங்க என்னப் போக விடமாட்டாங்க. எனக்குத் தெரியும்." பிறகு கொஞ்சம் தணிந்து, "நீங்களும் வாங்களன்," என்றாள்.

இஹ்ஸான் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தான். துடைத்துக்கொண்டே இருந்தான். "என்னால ஏலாது பளீலா," என்றான்.

அவன் கேட்டது நியாயமான கேள்வி. ஆனால் பிள்ளையைப் பறிகொடுத்த தாயிடம் கேட்டுப் பதில் வாங்கக்கூடிய கேள்வி இல்லை. வியாழக்கிழமை அவள் சர்க்கரையும் தேங்காய்ப்பாலும் வாங்கினாள். வெள்ளி விடியப்புறம் சுபஹு தொழுதுவிட்டுத் தாச்சியை ஏற்றினாள். கபுறடியில் வெறுங்கையோடு ஓதிவிட்டு வர முடியாது. ஓதி முடிந்ததும் கூடி நிற்கிறவர்களுக்கு ஏதாவது இனிப்பைப் பங்கிட வேண்டும். அதற்கு நார்சா என்று பெயர். நார்சாவைக் கொடுத்தால்தான் ஓதினது நிறையும், அந்த நன்மை மையித்துக்குப் போய்ச் சேரும். அங்கே நிற்கிறவர் யார், எவர் என்று பார்த்துக் கொடுப்பதில்லை. நிற்கிற எல்லோருக்கும் கொடுக்க வேண்டும். இந்த ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த முறை இது.

தொதலை வெட்டி, ஒவ்வொரு துண்டோடும் ஒரு வாழைப்பழம் வைத்துப் பொட்டலம் கட்டினாள். துஷாந்தினிக்கென்று ஒரு பொட்டலத்தைத் தனியாக எடுத்து வைத்தாள். பின்னேரம் வம்மிக்குடாவுக்குக் கொண்டுபோய்க் கொடுத்து, உள்ளே போய் வந்த கதையைச் சொல்ல வேண்டும் என்று நினைத்திருந்தாள்.

அவள் தொதல் கிண்டிக்கொண்டிருந்த அதே நேரத்தில், கடலில் ரஜிதனின் எஞ்சின் நின்றுபோயிருந்தது. காற்று மாறி அடித்தது. தோணி அலையோடு இழுபட்டு முகாமின் கரையில் வந்து தட்டியது. ரஜிதன் கீழே குதித்து மணலில் கால் வைத்தான். அவன் செய்த குற்றம் அவ்வளவுதான். சிப்பாய்கள் வந்தார்கள். அவன் எஞ்சின் எஞ்சின் என்று கையைக் காட்டிச் சொல்லிக்கொண்டிருந்தான், அவர்கள் அடித்துக்கொண்டிருந்தார்கள். பளீலாவுக்கு இதெல்லாம் தெரியாது. தொதல் கிண்டுகிற நேரத்தில் அவள் போனைத் தொடுவதில்லை.

பளீலா முகாமுக்குப் போனதும் கேற்றைத் திறந்து சல்யூட் அடித்தார்கள். ஒரு தொதல்காரிக்கு ராணுவம் சல்யூட் அடித்தது. மேஜர் வாசலுக்கே வந்து, மையவாடி எல்லையில் தொப்பியையும் சப்பாத்தையும் கழற்றினார். ஊரில் எத்தனையோ ஹாஜியார்மார் செருப்போடு மையவாடிக்குள் நடப்பதைப் பளீலா கண்டிருக்கிறாள். இப்படி ஒரு நல்ல மனுசனைப் பற்றி ஏன் எல்லோரும் பொல்லாப்புச் சொல்கிறார்கள் என்று அவளுக்கு மெய்யாகவே விளங்கவில்லை.

பூவரசு வீதியிலிருந்து பார்த்ததைவிடப் பெரிதாக இருந்தது. இரண்டு கையாலும் கட்டிப்பிடித்தால்தான் அடங்கும். மஞ்சள் பூக்கள் மணலில் விழுந்து கிடந்தன. பளீலா அதன் அடியில் உட்கார்ந்தாள். பட்டையைத் தடவினாள். "வாப்பாக்கு வர ஏலாதாம் மகள்," என்றாள். பிறகு யாசீனை ஓதத் தொடங்கினாள். நடுவில் குரல் உடைந்து, விட்ட இடத்திலிருந்து மறுபடி ஓதினாள். சிப்பாய்கள் அசையாமல் நின்றார்கள். அவ்வளவு அமைதியாக யாரும் அவளை ஓத விட்டதில்லை.

முடிந்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டு கூடையைத் திறந்தாள். கூடி நின்றவர்கள் சிப்பாய்கள்தான், ஆகவே சிப்பாய்களுக்குக் கொடுத்தாள். மேஜர் இரண்டு கையையும் நீட்டி வாங்கி, அங்கேயே பிரித்து ஒரு துண்டைக் கடித்து, சிரித்துத் தலையை ஆட்டினார். வரிசையாகக் கொடுத்துக்கொண்டு வந்தாள். ஒரு இளம் சிப்பாயின் வலது கையில் துணிக்கட்டுப் போட்டிருந்தது, இரத்தம் லேசாக ஊறியிருந்தது.

"என்ன மகன் கையில?" என்று கேட்டாள்.

அவனுக்குத் தமிழ் விளங்கவில்லை. கோப்ரல், "வேலை செய்யக்குள்ள கீறினது அம்மா," என்றான். அவளுடைய மகனாக இருக்கக்கூடிய வயது. பளீலா இன்னொரு பொட்டலத்தைப் பிரித்து அவனுக்குக் கூடுதலாக ஒரு துண்டு வைத்தாள். அவள் வைக்கும்போது யாரோ படம் எடுத்தார்கள். போன் வைத்திருக்கிறவன் எல்லாவற்றையும்தான் எடுப்பான் என்று நினைத்தாள்.

"அல்லா ஒங்களுக்கு நல்லதத் தரட்டும் சேர்," என்று மேஜரிடம் சொல்லிவிட்டு வெளியே வந்தாள்.

பின்னேரம் அஸர் பாங்கு சொல்லுவதற்குள் படம் ஊர் முழுக்கப் போய்விட்டது. யாரோ நடத்துகிற ஒரு பேஸ்புக் பக்கத்தில் போட்டிருந்தார்கள். கடற்கரைப் பாதுகாப்பில் ஈடுபடும் படைவீரர்களுக்குப் பிரதேச சபை உறுப்பினர் இனிப்பு வழங்கி நன்றி தெரிவித்தார் என்று கீழே எழுதியிருந்தது. அதே நேரம் வம்மிக்குடாவில் இன்னொரு படம் சுற்றிக்கொண்டிருந்தது. ஆசுப்பத்திரிக் கட்டிலில் ரஜிதன், முகம் வீங்கி ஆளே மாறிப்போய்க் கிடந்தான். இரண்டு படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து யாரோ ஒன்றாக்கினார்கள். அதற்குப் பிறகு யாரும் எதையும் எழுதத் தேவையிருக்கவில்லை.

ரஜிதனை அடிக்கும்படி மேஜர் சொன்னாரா என்று கேட்டால், சொல்லியிருக்கமாட்டார். அடி தற்செயல். எஞ்சின் நின்றது கடவுளின் வேலையாகவே இருக்கட்டும். ஆனால் படம் தற்செயல் இல்லை. கூட்டை உடைக்க ஒரு படம் போதும் என்று அவர் கணக்குப் போட்டிருந்தார், அந்தக் கணக்குக்கு மேல் அவருக்கு ஒரு அடியும் இலவசமாகக் கிடைத்தது.

ரஜிதனின் செய்தி கேட்டதும் பளீலா ஓட்டோ பிடித்து ஆசுப்பத்திரிக்குப் போனாள். வார்ட்டு வாசலில் துஷாந்தினி நின்றாள். தனியாக எடுத்து வைத்த பொட்டலம் பளீலாவின் கையில் இருந்தது. அதை ஏன் கொண்டுவந்தாள் என்று அவளுக்கே தெரியாது. பதற்றத்தில் கைக்கு எட்டியதைத் தூக்கிக்கொண்டு வந்திருந்தாள்.

"இது என்ன ராத்தா?"

"ஸஹ்றாக்கு ஓதின நார்சா."

"முகாமுக்க குடுத்து மிச்சம் வந்ததா?"

"புள்ள, அல்லா மேல ஆணையா எனக்கு ஒண்டும் தெரியாது."

துஷாந்தினி போனைத் திறந்து அவளுடைய முகத்துக்கு நேரே நீட்டினாள். "இந்தக் கட்டுப் போட்ட கையப் பாருங்க. இவர்ட வாயில குத்தக்குள்ள பல்லு கிழிச்ச கை அது. இவருக்கு முன்பல்லு நாலும் இல்ல. நீங்க அந்தக் கையில ரெண்டு துண்டு வைக்கிறீங்க."

அந்தப் பையனைத் தான் மகன் என்று கூப்பிட்டது பளீலாவுக்கு ஞாபகம் வந்தது.

"எனக்குத் தெரியாது," என்றாள் மறுபடியும்.

"உங்களுக்குத் தெரியாதெண்டு எனக்குத் தெரியும் ராத்தா. அந்த மேஜருக்கும் தெரியும். ஊருக்கு ஆர் சொல்றது? நான் சொன்னா, புருசன அடிச்சவனோட சேந்திட்டாள் எண்டு என்னையும் சேத்துத்தான் சொல்லுவாங்க." அவள் போனை மூடினாள். "ஓதப் போறன் எண்டு எனக்கு ஒரு சொல்லுச் சொல்லியிருந்தா நானும் உங்களோட வந்திருப்பன். கேற்றடியிலயாவது நிண்டிருப்பன்."

அவள் உள்ளே போய்விட்டாள். பொட்டலத்தை வாங்கவில்லை. நார்சா என்று ஒருவருக்கு எடுத்து வைத்ததைத் திருப்பி வீட்டுக்குக் கொண்டுபோகிற வழக்கம் இல்லை. பளீலா அதை ஆசுப்பத்திரி வாங்குப் பலகையில் வைத்துவிட்டு வந்தாள்.

தவிசாளர் தெரிவன்று சபை மண்டபத்தில் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். வம்மிக்குடாக்காரர்கள் எழுந்து, ராணுவத்துக்கு இனிப்பு ஊட்டுகிறவர்களோடு எங்களுக்குக் கூட்டில்லை என்று சொல்லிவிட்டு, யாருக்கும் கை உயர்த்தாமல் உட்கார்ந்தார்கள். அவர்களுடைய கோபம் நியாயமானது, அது யாருக்கு உதவும் என்று யோசிக்க அந்தக் கோபத்தில் இடமிருக்கவில்லை. சப்ரி ஹாஜியார் முந்தின நாள் பின்னேரம் மேஜரோடு தேத்தண்ணி குடித்துவிட்டு வந்திருந்தார். அவர் எழுந்து, ஊரின் ஒற்றுமைக்காகத் தான் போட்டியிலிருந்து விலகுவதாகச் சொன்னார். சீனிமுகம்மது தவிசாளர் ஆனார். ஊரின் ஒற்றுமைக்காக விலகிய ஹாஜியார் அடுத்த ஐந்து நிமிசத்தில் உப தவிசாளர் ஆனார். மேஜர் மண்டபத்துக்கு வரவே இல்லை. பூமாலைகள் மட்டும் முகாம் வாகனத்தில் வந்திருந்தன.

பளீலா யாருக்கும் கை உயர்த்தவில்லை. உயர்த்தினாலும் உயர்த்தாவிட்டாலும் ஒன்றுதான் என்கிற நிலைமை அதற்குள் வந்துவிட்டது.

பழி முழுவதும் அவள் தலையில் விழுந்தது. "பொம்புளைய அரசியலுக்குக் கொண்டு வந்தா இதுதான்," என்று ஹாஜியார் தேத்தண்ணிக் கடையில் சொன்னார், உப தவிசாளருக்குக் கொடுத்த வாகனத்தில் சாய்ந்துகொண்டு. வெட்கம் கெட்ட மனுசன். ஆனால் கேட்டவர்கள் தலையாட்டினார்கள். கலியாண வீடுகள் தொதலுக்கு வேறு ஆளைத் தேடின. வம்மிக்குடாச் சந்தையில் அவளுக்கு மீன் விற்க மறுத்தார்கள். சபையில் துஷாந்தினி மேசையின் மறுகோடிக்குப் போய் உட்கார்ந்தாள். பளீலா கூட்டத்துக்குக் கூட்டம் போனாள். வராதே என்று யாராவது சொன்னால் நின்றிருப்பாள், யாரும் சொல்லவில்லை.

கேற்று மறுபடி பூட்டிக்கொண்டது. இரண்டு தரம் அவள் முகாம் வாசலுக்குப் போய்க் கேட்டாள். கோப்ரல் சிரித்த முகத்தோடு, "சேர் லீவில அம்மா," என்றான்.

ஐப்பசி மழை தொடங்கிய காலத்தில், சீனிமுகம்மது சபையில் ஒரு தீர்மானத்தை எடுத்தார். கடற்கரையில் உள்ள சுனாமி மையவாடியைப் படையினரின் உதவியோடு அழகுபடுத்தி, வருசா வருசம் ஊர்மக்கள் போய் ஓதுவதற்கு ஏற்பாடு செய்வது.

"இது நம்மட பளீலா ராத்தாட நெடுநாள் ஆசை," என்றார். "அவங்களே பிரேரிச்சா நல்லம்."

பளீலா கதிரையில் நிமிர்ந்து உட்கார்ந்தாள். வருசத்துக்கு ஒருக்காவாவது கேற்று திறக்கும். பட்டதெல்லாம் வீண்போகவில்லை. மேசையின் மறுகோடியில் துஷாந்தினி எழுந்தாள்.

"அழகுபடுத்திறது ஆர்? முகாமா? அப்ப காணி ஆருடையதெண்டு இந்தத் தீர்மானத்தில எழுதுறீங்க? விட்டிட்டுப் போங்க எண்டு கேக்க வேண்டிய நாங்க, வச்சு அழகுபடுத்துங்க எண்டு எழுதிக் குடுக்கிறமா?" அவள் பளீலாவை நேராகப் பார்த்தாள். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு பார்த்தாள். "ராத்தா, தூக்காதீங்க."

இவள் என்னிடம் உள்ள வன்மத்தை என் பிள்ளையின் கபுறடியில் தீர்க்கப் பார்க்கிறாள் என்று பளீலாவுக்குப் பட்டது. இத்தனை நாள் ஏச்சும் ஒதுக்கமும் நெஞ்சில் கட்டிக்கிடந்தது. அவள் எழுந்து நின்று தீர்மானத்தைப் பிரேரித்தாள். வாக்கெடுப்பில் முதலாவதாகக் கையை உயர்த்தினாள். அந்தக் கையை அவ்வளவு உயரமாக அவள் ஒருநாளும் தூக்கியதில்லை.

அடுத்த வாரமே மதிலுக்கு மேலே உயரமாகத் தகரம் அடித்தார்கள். வேலை நடக்கிறதாம். வீதியிலிருந்து பூவரசின் தலை தெரியவில்லை. தகரம் உயரம், அதனால்தான் தெரியவில்லை என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

டிசம்பரில் திறப்புவிழா. கோப்ரல் போன் எடுத்தான். "அம்மா, அண்டைக்குப் போல இனிப்பு செய்து வாங்க. சேர் சொன்னாங்க. எல்லாருக்கும் காண வேணும்." இஹ்ஸானைக் கூப்பிட்டாள், இந்தமுறையும் அவனால் ஏலவில்லை. ஆனால் தேங்காயை அவனே திருவிக் கொடுத்தான். தாச்சியைத் தூக்கி அடுப்பில் வைத்தான். பொட்டலம் கட்டும்போது பக்கத்தில் உட்கார்ந்து நூல் சுற்றினான். மகளுக்காக அவன் கை அசைத்தது அடக்கிய நாளுக்குப் பிறகு அன்றைக்குத்தான்.

கேற்றுக்குள்ளே போனதும் பளீலாவுக்கு இடம் பிடிபடவில்லை. வாசலுக்குப் பக்கத்தில் சீமெந்துத் தளம் போட்டு, வெள்ளையடித்த மீஸான் கட்டைகளை ஒரே அளவில், ஒரே நேரில் நட்டிருந்தார்கள். கீழே சீமெந்து, அதற்குக் கீழே கல்லும் மணலும். கறுப்புக் கல்லில் பெயர்கள் வெட்டியிருந்தன. ஸஹ்றாவின் பெயரும் இருந்தது. அவள் அதையெல்லாம் தாண்டிக் கடல் பக்கம் பார்த்தாள். மையவாடி இருந்த இடத்தில் மணலை நிரவி, கோடு போட்டு, கரப்பந்து மைதானம் ஆக்கியிருந்தார்கள். வலையின் ஒரு பக்கக் கயிறு ஒரு மரக்குற்றியில் கட்டியிருந்தது. குற்றியின் வெட்டுவாய் இன்னும் ஈரமாக இருந்தது, ஒரு பக்கத்தில் சின்னதாகத் துளிர் வந்திருந்தது.

"இதில ஒரு பூவரசு நிண்டதே மகன்," என்றாள்.

"அது பந்துக்கு இடைஞ்சல் அம்மா," என்றான் கோப்ரல். "எல்லாரும் ஓதுறதுக்கு லேசா கட்டையள இஞ்சால மாத்தினது. நீங்கதானே சபையில பிரேரிச்சது?" அவன் குத்திக் காட்டுவதற்காகச் சொல்லவில்லை. அவளைப் பாராட்டித்தான் சொன்னான்.

சீமெந்துத் தளத்தில் புதுப்பாய் விரித்திருந்தது. கமராக்காரர்கள் காத்திருந்தார்கள். தவிசாளர், உப தவிசாளர், பள்ளிவாசல் நிருவாகிகள் எல்லோரும் தொப்பி போட்டு நின்றார்கள். பளீலா மைதானத்தைப் பார்த்தபடி உட்கார்ந்தாள். "ராத்தா, இஞ்சால திரும்பி இரிங்க, படத்துக்குக் கல்லுத் தெரிய வேணும்," என்றார் சப்ரி ஹாஜியார். என் பிள்ளை அங்கே, என்று சொல்ல வாயெடுத்தாள். யாரிடம் சொல்வது? ஓமென்று கையைத் தூக்கியவள் அவள். திரும்பி உட்கார்ந்தாள். கீழே யாருமில்லாத கட்டைகளுக்கு யாசீன் ஓதினாள். ஒரு இடத்திலும் குரல் உடையவில்லை.

முடிந்ததும் மேஜர் இரண்டு கையையும் நீட்டினார். அவள் கொடுத்தாள். வரிசையாக எல்லோருக்கும் கொடுத்தாள். கையில் கட்டுப் போட்டிருந்த பையனும் நின்றான். கை நன்றாக ஆறியிருந்தது. அவளை அடையாளம் கண்டு சிரித்து, இரண்டாவது துண்டுக்கும் கையை நீட்டினான். கூடை வெறுமையாகிற வரைக்கும் கொடுத்தாள். "அடுத்த வருசமும் இதே மாதிரி," என்று மேஜர் சொன்னதைக் கோப்ரல் தமிழில் சொன்னான். அவள் கேற்றைத் தாண்டும்போது பின்னால் பந்து அடிபடுகிற சத்தம் கேட்டது.

வீட்டு வாசலில் இஹ்ஸான் நின்றுகொண்டிருந்தான். வேலைக்குப் போகவில்லை. அவளுடைய கையிலிருந்து வெறுங் கூடையை வாங்கினான். உள்ளே போய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தான். அவள் குடித்து முடிக்கும்வரை பார்த்துக்கொண்டு நின்றான்.

"நான் நட்ட கட்ட," என்றான். இத்தனை வருசத்தில் அதைப் பற்றி அவன் வாயைத் திறந்தது இதுதான் முதல். "எம்மட்டு வளந்திரிக்கி?"

பளீலா செம்பைக் கீழே வைத்தாள்.

"நல்லா வளந்திரிக்கி," என்றாள். "புள்ளைக்கு முழுக்க நிழல் விழுது."

இஹ்ஸான் தலையை ஆட்டினான். "அடுத்த வருசம் நானும் வாறன்," என்றான்.